ரெம்பிராண்டின் வீட்டுக் கடன்

கடந்த ஆண்டு மே மாதம், ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஊர் ஒன்றில் நானும் மனைவியும் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டோம். 30 வருஷக் கடன். இங்கே நோட்டரி எதிரில் உட்கார்ந்து பத்திரத்தை விளக்கிச் சொல்வார். எங்களுக்கு டச்சு அரைகுறை என்பதால் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். ஒரு மணி நேரம் பேசினார்கள். எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது ஒன்றுதான்: கடைசித் தவணை கட்டும்போது எனக்கு 66 வயது ஆகியிருக்கும்.

அடுத்த வாரமே மகளுக்குப் பள்ளியில் ரெம்பிராண்ட் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு யோடன்பிரேஸ்திராத் தெருவில் இருக்கும் ரெம்பிராண்டின் வீட்டுக்குப் போனேன். 1911 முதல் அது அருங்காட்சியகம். மாடியில் ஓவிய அறை. அங்கே ஒரு மேசையில் வழவழப்பான கல் போட்டு, அதன் மேல் குழவி மாதிரி ஒன்றை வைத்து, ஒரு பெண்மணி மஞ்சள் காவிப் பொடியில் எண்ணெய் விட்டு அரைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். மகள் என் கையைப் பிடித்து இழுத்து, ஈரோட்டில் அப்பத்தா வீட்டு அம்மி மாதிரியே இருக்கே என்றாள். எனக்கோ வேறொன்று மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்திலேயே படித்துவிட்டேன்: இந்த வீட்டை அவர் 1639-ல் 13,000 கில்டருக்குத் தவணையில் வாங்கினார், கடைசியில் அந்தக் கடனிலேயே வீட்டை இழந்தார்.

அன்றிலிருந்து இந்த மனுஷனை நான் விடவில்லை. வார இறுதியில் நூலகம், அருங்காட்சியகம், சமுதாயக் கூடத்தில் நடக்கும் மாலை நேர ஓவிய வகுப்பு என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது. படித்தது எலக்ட்ரானிக்ஸ், பார்ப்பது மென்பொருள் வேலை. கலை விமர்சனம் எனக்கு வராது. ஆனால் ஒரு பொருள் எதனால் ஆனது, எப்படி நிற்கிறது, எங்கே உடைகிறது என்று பார்க்கும் புத்தி கொஞ்சம் உண்டு. அந்தக் கண்ணோடு இவர் வாழ்க்கையைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ரெம்பிராண்ட் பிறந்தது 1606-ல், லைடன் நகரத்தில். அப்பா காற்றாலை வைத்திருந்தவர். அம்மா ரொட்டி சுடும் குடும்பத்துப் பெண். ஒன்பதாவது பிள்ளை இவர். வசதியில் குறையில்லை, ஆனால் பெரிய மனுஷக் குடும்பமும் இல்லை. வீட்டில் எல்லோரும் கைத்தொழில் செய்ய, இந்தப் பையனை மட்டும் லத்தீன் பள்ளிக்கு அனுப்பினார்கள். 14 வயதில் லைடன் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்தார்கள். நம் அப்பாக்கள் கடன் வாங்கியாவது பிள்ளையைப் பொறியியலில் சேர்த்தது போலத்தான். பையன் அங்கே நிற்கவில்லை. ஓவியம்தான் படிப்பேன் என்று யாகோப் வான் ஸ்வானன்பர்க் என்ற உள்ளூர் ஓவியரிடம் சுமார் மூன்று வருஷம், பிறகு ஆம்ஸ்டர்டாமில் பீட்டர் லாஸ்ட்மனிடம் ஆறு மாதம்.

அந்தக் காலத்தில் ஓவியரிடம் சேரும் பையனுக்கு எடுத்தவுடன் தூரிகை கொடுத்துவிட மாட்டார்கள். அறையைக் கூட்ட வேண்டும், பலகைக்குப் பூச்சுப் பூச வேண்டும், முக்கியமாக வண்ணம் அரைக்க வேண்டும். வண்ணம் கடையில் குழாயில் அடைத்துக் கிடைக்காது. உலோகக் குழாய் வந்தது 1841-ல்தான். அதுவரை தேவைக்கு அரைப்பது, மிஞ்சினால் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பது.

எந்த எண்ணெய்? பெரும்பாலும் ஆளி விதை எண்ணெய். இதில் ஒரு வேதியியல் இருக்கிறது. தண்ணீர் காய்வது போல எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, ஒரு வலையாக இறுகுகிறது. நம் சமையலறைக் காற்றாடியில் நாள்பட்ட எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியாகி, சோப்புப் போட்டாலும் போகாமல் அடம் பிடிக்குமே, அதன் சொந்தக்காரன்தான் இது. தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் வைத்தாலும் அப்படி இறுகாது. ஆளி விதை எண்ணெய் சில நாட்களில் தோல் கட்டி, பல வருஷங்களில் பாறை மாதிரி ஆகிவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நாமெல்லாம் தவறாமல் கூட்டிப்போகும் ஸான்ஸே ஸ்கான்ஸில், காற்றாலைகள் முன்னால் நின்று படம் எடுப்போம் இல்லையா? அங்கே எண்ணெய் ஆட்டும் ஆலை உண்டு. தெ காட் என்ற ஆலை இன்றைக்கும் ஓவியர்களுக்கு வண்ணப்பொடி அரைக்கிறது. நான்கு தடவை போயும், உள்ளே நுழைந்து பார்க்காமல் சீஸ் வாங்கிக்கொண்டு திரும்பியவன் நான்.

அடுத்து வெள்ளை. ரெம்பிராண்டின் ஓவியங்களில் ஒளியாகத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் ஈய வெள்ளை. அதைச் செய்த முறையைக் கேட்டால் சிரிப்பு வரும். ஈயத் தகட்டைச் சுருட்டி மண்பானைக்குள் வைத்து, அடியில் வினிகர் ஊற்றுவார்கள். அப்படி நூற்றுக்கணக்கான பானைகளைக் குதிரைச் சாணத்துக்குள் புதைத்து அறையை மூடிவிடுவார்கள். சாணத்தின் சூடு வினிகரை ஆவியாக்கும். சாணம் புளிக்கும்போது வரும் கரியமில வாயு மீதி வேலையைப் பார்க்கும். மூன்று மாதம் போல ஆனதும் திறந்தால், தகட்டின் மேல் செதில் செதிலாக வெள்ளை பூத்திருக்கும். நல்ல விஷம். அந்தப் பட்டறைகளில் வேலை செய்தவர்களின் உடம்பு என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் விலை மலிவு, எண்ணெயைச் சீக்கிரம் இறுகச் செய்யும், எவ்வளவு தடிமனாகப் பூசினாலும் தாங்கும். இந்த மூன்று குணங்களையும் ரெம்பிராண்ட் அளவுக்கு வேலை வாங்கியவர் அவர் காலத்தில் இல்லை என்பது என் கட்சி.

1630-களின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிவந்தார். இன்றைக்கு வேலைக்காக நாம் வருகிற மாதிரி, அன்றைக்கும் உலகத்துப் பணமெல்லாம் வந்து குவிந்த ஊர் அது. ஹென்ட்ரிக் அய்லன்பர்க் என்ற ஓவிய வியாபாரியோடு சேர்ந்து வேலை. 1632-ல், 26 வயதுக்குள், டாக்டர் துல்ப் உடற்கூறு பாடம் நடத்தும் ஓவியம். அதோடு பெயர் எங்கும் பரவியது. வியாபாரியின் உறவுப் பெண் சாஸ்கியாவை 1634-ல் கல்யாணம் செய்தார். அவள் நகர மேயராக இருந்தவரின் மகள். கையில் சொத்து உண்டு. மாணவர்கள் காசு கொடுத்துப் படிக்க வந்தார்கள். பணம் கொட்டியது.

பணம் கொட்டும்போதுதான் வீடு வாங்கத் தோன்றுகிறது. 1639 ஜனவரியில், 32 வயதில், 13,000 கில்டருக்கு அந்தப் பெரிய வீடு. கைவினைஞர் ஒருவரின் ஓராண்டு வருமானம் சுமார் 300 கில்டர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வருஷம் கால் பங்கு, மீதியை ஐந்தாறு வருஷத்தில் கட்டுவதாக ஏற்பாடு. அவர் வருமானத்துக்குக் கட்டியிருக்கலாம், மனது வைத்திருந்தால். ஆனால் வந்த பணத்தில் வேறு சாமான் வாங்கினார். ரோமப் பேரரசர்களின் சிலைகள், ஈட்டி, தலைக்கவசம், கடற்சிப்பி, தூர தேசத்து ஆயுதங்கள், கட்டுக்கட்டாக அச்சுப் படங்கள். ஏலத்துக்குப் போனால் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஓவியனுக்கு அதெல்லாம் தொழிற்கருவி என்று வாதாடலாம். நானும் வீட்டில் இரண்டாவது மானிட்டருக்கு அதே வாதத்தைத்தான் வைத்தேன்.

அந்த வீட்டுக்குள் நடந்தது சந்தோஷமான கதை இல்லை. சாஸ்கியாவுக்குப் பிறந்த முதல் மூன்று குழந்தைகளும் சில மாதங்கள்கூடத் தாண்டி நிலைக்கவில்லை. 1641-ல் பிறந்த டைட்டஸ் மட்டும் தங்கினான். அவனுக்கு ஒரு வயது ஆகும் முன்பே, 1642 ஜூனில், 29 வயதில் சாஸ்கியா போய்ச் சேர்ந்தாள். தன் பங்குச் சொத்தை மகன் பெயரில் எழுதி, அதன் வருவாயை ரெம்பிராண்ட் அனுபவிக்கலாம், மறுமணம் செய்தால் அந்த உரிமை போய்விடும் என்று உயில் வைத்திருந்தாள்.

அதே 1642-ல்தான் உலகமே நைட் வாட்ச் என்று சொல்லும் அந்த ஓவியம் முடிந்தது. ராத்திரிக் காட்சியே இல்லை அது. காலப்போக்கில் மேலே பூசிய வார்னிஷ் கறுத்ததால், நூற்றைம்பது வருஷம் கழித்து வந்த பெயர். கேப்டன் பிரான்ஸ் பானிங் காக்கின் ஊர்க்காவல் படை புறப்படும் காட்சி. இந்த ஓவியம் யாருக்கும் பிடிக்காமல் போய், அதனால்தான் ரெம்பிராண்ட் ஏழையானார் என்று ஒரு கதை ரொம்ப நாளாக ஓடுகிறது. சினிமாவுக்கு நல்ல கதை. அதற்கு ஆதாரம் இல்லை. அவருக்குச் சுமார் 1,600 கில்டர் கிடைத்தது, படம் படைவீரர்களின் மண்டபத்தில் மரியாதையாகத்தான் தொங்கியது. அவரைக் கவிழ்த்தது ஓவியம் இல்லை, வீடும் ஏலக் கடைகளும்தான்.

எனக்குப் பிடித்தது அந்த ஓவியத்துக்கு அடியில் இருப்பது. துணியில் நேரடியாக எண்ணெய் வண்ணம் பூச முடியாது; முதலில் ஒரு அடிப்பூச்சு வேண்டும். அன்றைய ஆம்ஸ்டர்டாம் வழக்கம், முதலில் செங்காவி, அதன் மேல் ஈய வெள்ளை கலந்த சாம்பல் நிறம் என்று இரண்டு பூச்சு. அப்போது ஓவியம் நாலு மீட்டர் உயரமும் ஐந்து மீட்டர் அகலமும் இருந்தது. அதற்கு வழக்கமான பூச்சு போட்டால் செலவும் அதிகம், சுருட்டித் தூக்கும்போது விறைத்து உடையும் பயமும் உண்டு. ரெம்பிராண்ட் என்ன செய்தார் என்றால், பானை செய்கிற மண் மாதிரி, மணல்துகள் நிறைந்த களிமண்ணை ஆளி விதை எண்ணெயில் குழைத்துப் பூசிவிட்டார். குவார்ட்ஸ், களிமண், கொஞ்சம் காவி. அவ்வளவுதான். நைட் வாட்ச்தான் இந்தப் பூச்சு கிடைத்திருக்கும் முதல் ஓவியம். அதற்குப் பிறகு கடைசிவரை பல ஓவியங்களுக்கு இதையே பயன்படுத்தினார். அவர் பட்டறைக்கு வெளியே அந்தக் காலத்து ஆம்ஸ்டர்டாம் ஓவியர்களிடம் இது அகப்படவில்லை. 2023-ல் வந்த ஆய்வு இன்னொன்றும் சொன்னது: களிமண் பூச்சுக்கும் கீழே, துணியில் ஈயம் கலந்த எண்ணெயை ஊற வைத்திருக்கிறார். படம் மாட்டப்போவது மண்டபத்தின் வெளிச்சுவர், ஈரம் ஏறும். அதற்குத்தான் இருக்கும் என்று கருதுகிறார்கள். படம் எந்தச் சுவரில் தொங்கப் போகிறது என்பது வரை யோசித்த ஆள், தவணைக் கெடுவை எப்படி யோசிக்காமல் விட்டார்?

அந்த ஓவியத்தின் மஞ்சளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். துணைத் தளபதியின் பொன்னிற உடுப்பில் ஆர்செனிக் கலந்த மஞ்சள் வண்ணம் இருப்பதை 2024-ல் கண்டறிந்தார்கள். ஆர்செனிக் மஞ்சளுக்குத் தமிழில் பழைய பெயர் அரிதாரம். மேடைக்கு அரிதாரம் பூசுவது என்கிறோமே, அந்தச் சொல் வந்தது இந்தத் தாதுப் பொடியிலிருந்துதான். இதைச் சொன்னபோது என் டச்சு ஓவிய ஆசிரியை குறித்து வைத்துக்கொண்டார்.

சாஸ்கியா போன பிறகு நடந்த ஒன்றை மறைத்துவிட்டு இவர் கதையைச் சொல்லக் கூடாது. டைட்டஸை வளர்க்க வந்த கேர்ட்ஜே டிர்க்ஸ் என்ற விதவையோடு வாழ்ந்தார். பிறகு ஹென்ட்ரிக்ஜே ஸ்டொஃபெல்ஸ் என்ற இளம்பெண் வேலைக்கு வர, மனது அங்கே சாய்ந்தது. கல்யாணம் செய்வதாகச் சொல்லி ஏமாற்றினார் என்று கேர்ட்ஜே 1649-ல் வழக்குப் போட்டாள். வருஷத்துக்கு 200 கில்டர் கொடுக்க உத்தரவானது. அடுத்த வருஷமே, அவள் நடத்தை சரியில்லை என்று சாட்சி திரட்டி, கௌடா ஊரில் பெண்களை அடைக்கும் சீர்திருத்த இல்லத்தில் தள்ள ஏற்பாடு செய்தார். ஐந்து வருஷம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தாள். முதியவர்களின் முகச் சுருக்கத்தில் அவ்வளவு பரிவு காட்டிய அதே கை செய்த காரியம் இது. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் எனக்கு இது செரிக்கவில்லை.

ஹென்ட்ரிக்ஜேவை அவர் கடைசிவரை மணக்கவில்லை. சாஸ்கியாவின் உயில் குறுக்கே நின்றது. மணந்தால் பணம் போகும், அந்தப் பணமோ ஏற்கெனவே இல்லை. 1654-ல் ஹென்ட்ரிக்ஜே கர்ப்பமாக இருந்தபோது திருச்சபை அவளைக் கூப்பிட்டு விசாரித்துத் திருவிருந்திலிருந்து விலக்கியது. அந்த வருஷம் கொர்னேலியா என்ற மகள் பிறந்தாள்.

இதற்குள் கடன் கழுத்துக்கு வந்துவிட்டது. 14 வருஷம் ஆகியும் வீட்டுப் பணம் பாக்கி. 1653-ல் வீட்டை விற்றவர் வட்டியோடு 8,000 கில்டருக்கு மேல் கேட்டு நோட்டீஸ் விட்டார். ரெம்பிராண்ட் செய்தது நமக்கெல்லாம் தெரிந்த வேலைதான்: ஒரு கடனை அடைக்க இன்னும் மூன்று இடத்தில் கடன். மூன்று பேரிடம் வாங்கியதே 9,000 கில்டரைத் தாண்டியது. கிரெடிட் கார்டு மாற்றி கிரெடிட் கார்டு தேய்த்த என் முதல் இரண்டு வருஷம் நினைவுக்கு வந்தது. 1656-ல் வீட்டை மகன் டைட்டஸ் பெயருக்கு மாற்றப் பார்த்தார். பலிக்கவில்லை. ஜூலையில் சொத்தையெல்லாம் கடன்காரர்களுக்கு ஒப்படைப்பதாக நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்தார்.

அதிகாரிகள் அறை அறையாக வந்து பட்டியல் எடுத்தார்கள். 363 பதிவுகள். இன்று அந்த வீட்டில் எந்த அறையில் எது இருக்க வேண்டும் என்று அருங்காட்சியகத்தார் திரும்ப அமைத்ததே அந்தப் பட்டியலை வைத்துத்தான். அந்தச் சில வருஷங்களில் அவர் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட படங்களை ஆசியாவிலிருந்து வந்த தாளில் வரைந்து வைத்திருக்கிறார். ஷாஜகானும் அதில் உண்டு. மூலப் படங்கள் கையை விட்டுப் போகப் போகின்றன என்று தெரிந்து வரைந்துகொண்டாரோ என்று எனக்கு ஒரு எண்ணம், நிரூபிக்க முடியாது.

ஆசையாகச் சேர்த்த சாமான்கள் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போயின. 1658-ல் வீடு 11,218 கில்டருக்கு விற்றது. வாங்கிய விலையைவிடக் குறைவு. அதே 1658-ல் டச்சுக் கம்பெனிக்காரர்கள் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். நம் கடற்கரையில் கோட்டை பிடித்த அதே வருஷம், அந்தக் கம்பெனியின் தலைமை ஊரில் அதன் மிகப் பெரிய ஓவியன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போகிறான். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் இரண்டு தேதியும் என் தலையில் சேர்ந்தே உட்கார்ந்துவிட்டன.

ரோசன்கிராஹ்ட் பகுதியில் வாடகை வீடு. அவர் பெயரில் எதை விற்றாலும் கடன்காரர்கள் பிடுங்குவார்கள். அதனால் 1660 டிசம்பரில் ஹென்ட்ரிக்ஜேயும் டைட்டஸும் கூட்டாக ஓவிய வியாபாரக் கம்பெனி தொடங்கினார்கள். ரெம்பிராண்ட் அதில் சாப்பாடும் தங்குமிடமும் பெறும் வேலையாள். வரைவதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். 54 வயதில், தன் மகனிடம் சம்பளமில்லாத ஒப்பந்த ஊழியர்.

இனிமேல்தான் அவருடைய மகா ஓவியங்கள் வருகின்றன. 1662-ல் துணி வியாபாரச் சங்கத்தின் தர ஆய்வாளர்கள் ஐவரும் அவர்களுடைய பணியாளும் மேசையைச் சுற்றி நம்மை நிமிர்ந்து பார்க்கும் படம். துணி மாதிரியைப் பார்த்துத் தேறியது, தேறாதது என்று முத்திரை போடும் ஆட்கள். எங்கள் டெஸ்டிங் டீம் அச்சு அசல் அப்படித்தான் பார்க்கும். பிறகு, யூத மணப்பெண் என்று பெயர் நிலைத்துவிட்ட தம்பதி ஓவியம். ரெய்க்ஸ்மியூசியத்தில் அதன் பக்கவாட்டில் நின்று அந்த ஆணின் சட்டைக் கையைப் பாருங்கள். வண்ணம் தட்டையாக இல்லை, புடைத்து நிற்கிறது. கட்டிக் கட்டியாக அப்பி, கத்தியால் இழுத்து, அந்த மேடு பள்ளத்தில் அறை விளக்கின் ஒளியே பட்டுத் தெறிக்கும்படி செய்திருக்கிறார். தங்கச் சரிகையை வரையவில்லை, கட்டியிருக்கிறார்.

அந்தப் புடைப்பு வழியாமல் எப்படி நின்றது என்பது 350 வருஷக் கேள்வி. பழைய மேதைகளுக்கு ஏதோ ரகசியக் கலவை இருந்தது என்று நம்பி எத்தனையோ பேர் கெட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் பெரிய ஓவியர் ரெனால்ட்ஸ் மெழுகு, பிசின், தார் என்று எதையெதையோ கலந்து சோதித்து, அவருடைய படங்கள் பல வெடித்தும் வெளிறியும் போயின. என் பங்குக்கு நானும் இணையத்தில் 38 யூரோ கொடுத்து, பழைய மேதைகளின் ரகசியக் குழம்பு என்று ஒரு புட்டி வாங்கினேன். நான் வரைந்த எலுமிச்சம்பழம் இரண்டு மாதம் ஈ பிடிக்கும் காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தது. ஆசிரியை அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஆளி விதை எண்ணெயைத் தவிர வேறு எதையும் தொடாதே என்றார்.

அவர் சொன்னதைத்தான் ஆய்வுக்கூடமும் சொல்கிறது. ரெம்பிராண்டின் ஓவியங்களைச் சோதித்தால் பெரும்பாலும் வெறும் ஆளி விதை எண்ணெய்தான் கிடைக்கிறது. 2019-ல் பிரான்சின் கிரனோபிளில் உள்ள சிங்க்ரோட்ரான் கருவியில், அவருடைய மூன்று ஓவியங்களின் புடைப்புப் பகுதியிலிருந்து எடுத்த கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளைப் பார்த்தார்கள். ஈய வெள்ளைக்குள் பிளம்போனாக்ரைட் என்ற அபூர்வமான ஈயச் சேர்மம் இருந்தது. அது தானாக வருவதில்லை. எண்ணெயில் ஈய ஆக்சைடைக் கலந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஈய ஆக்சைடு என்றால் நம் சித்த மருத்துவத்தில் வரும் மிருதார்சிங்கி. எண்ணெயைச் சீக்கிரம் இறுக வைக்க ஓவியர்கள் எல்லோரும் அறிந்திருந்த சரக்கு, மூடு மந்திரம் ஒன்றுமில்லை.

மற்ற வண்ணங்களும் அப்படியே. காவி, அம்பர் மண், எலும்பைச் சுட்ட கரி, சாதிலிங்கம், ஈயமும் வெள்ளீயமும் சேர்த்துச் சுட்ட மஞ்சள். நீலத்துக்கு ஆப்கானிஸ்தானிலிருந்து வரும் லாபிஸ் கல் பொன் விலை விற்றது. டெல்ஃப்ட் ஊர் வெர்மீர் அதை வாரி இறைத்தார். அவரும் கடனில்தான் செத்தார் என்பது வேறு கதை. ரெம்பிராண்ட் அதை ஏறக்குறையத் தொடவே இல்லை. கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடியைத் தூளாக்கிய ஸ்மால்ட் என்ற மலிவுச் சரக்கைத்தான் பயன்படுத்தினார், அதுவும் பல இடங்களில் நிறத்துக்காக அல்ல. வண்ணத்துக்குக் கனம் கொடுக்கும், சீக்கிரம் காய வைக்கும் என்பதற்காக. அந்த நீலம் காலப்போக்கில் வெளுத்துச் சாம்பலாகிவிட்டதால், இன்று நாம் பார்க்கும் பழுப்பு ரெம்பிராண்ட் அவர் பார்த்த ரெம்பிராண்ட் இல்லை.

இவ்வளவு கைவந்த காலத்தில் ஊரும் அவரை நன்றாக நடத்தவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துக்காகச் சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்தில் அவர் வரைந்த கிளாடியஸ் சிவிலிஸ் ஓவியத்தை மாட்டிவிட்டு, 1662-ல் கழற்றித் திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவு பெரிய படத்தை யார் வாங்குவார்? வெட்டிச் சிறிதாக்கினார்கள். மிஞ்சிய நடுத் துண்டு இப்போது ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. அதே வருஷம் பழைய தேவாலயத்தில் இருந்த சாஸ்கியாவின் கல்லறையை விற்றார். இந்த வரியைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1663-ல் ஹென்ட்ரிக்ஜே இறந்தாள். 1668-ல் டைட்டஸ் கல்யாணம் செய்து ஏழு மாதத்தில், பிறக்கப்போகும் குழந்தையைப் பார்க்காமலே, 27 வயதைத் தொடும் முன் போய்விட்டான். 1669 அக்டோபர் 4-ம் தேதி ரெம்பிராண்ட் காலமானார். மறுநாள் நோட்டரி வந்து வீட்டைப் பட்டியல் எடுத்தபோது, அவருக்கென்று சொந்தமாக இருந்தவை உடுதுணிகளும் வண்ணம் தீட்டும் சாமான்களும்தான். அறையில் முடிக்காத ஓவியம் ஒன்று கிடந்தது: குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய கிழவர் சிமியோன். வெஸ்டர்கெர்க் தேவாலயத்தில் வாடகைக் கல்லறையில் புதைத்தார்கள். எந்த இடம் என்று இன்று யாருக்கும் தெரியாது.

நைட் வாட்ச் இப்போது கண்ணாடி அறைக்குள் இருக்கிறது. 2019 முதல் ஆராய்ச்சி; 2024 இறுதியில் வார்னிஷை எல்லோர் கண்ணெதிரிலும் எடுக்க ஆரம்பித்தார்கள். 717 ஜிகாபிக்சலில் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதைத்தான் திறந்து பெரிதாக்கிப் பார்ப்பேன். தூக்கம் வராத ராத்திரிகள் நவம்பரில் நிறைய இருந்தன. வீடு வாங்கி ஆறாவது மாதம், அலுவலகத்தில் மறுசீரமைப்பு என்று ஒரு மின்னஞ்சல். என் டீமில் மூன்று பேர் போனார்கள். நான் போகவில்லை, இதுவரை.

மகள் பள்ளியில் நன்றாகப் பேசினாளாம். வீட்டுக் கடனை அவர் கடைசியில் கட்டினாரா என்று ஒரு பையன் கேட்டானாம். இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பேச்சுக்காக நாங்கள் சமையலறை மேடையில் கண்ணாடித் தகடு போட்டு, மூன்று வண்ணம் அரைத்து, ஒரு சின்னப் பலகையில் பூசினோம். இன்னும் அது சன்னல் ஓரத்தில்தான் இருக்கிறது. அம்பர் மூன்றாம் நாளே காய்ந்தது, காவி ஒரு வாரத்தில். கறுப்பு மட்டும் மூன்று வாரம் ஆகியும் விரலில் ஒட்டியது. தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவள்தான் தொட்டுப் பார்த்துச் சொல்வாள்.